வ்யூஃபைண்டர் காட்டாத ஓரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேமராவைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்த பிறகு தமிழில் எழுதியது என்றால் ஊருக்குப் போட்ட கடிதங்களும் மளிகைச் சீட்டும்தான். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, விலை குறைந்த டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாமா, அதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று யாராவது எழுதித் தர வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். என் கணவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். மாட்டேன் என்று சொல்வதற்கு எழுந்து நிற்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஐ.டி. வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் பலர் பெரிய கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துச் சிரித்தால் அது நியாயம்தான்.

கேமரா நான் வாங்கியது இல்லை. மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "ஃபோனே போதும்மா, இதை யாரு தூக்கிட்டு அலையறது" என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று கம்பெனிக்காரர்கள் போடும் வரிசையில் அடிமட்ட மாடல். அதோடு சேர்ந்தே வரும் சின்ன லென்ஸ். அவ்வளவுதான் சொத்து.

நல்லதை முதலில் சொல்கிறேன். எடை குறைவு. கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்கறிப் பையையும் தூக்கலாம். பேட்டரி ரொம்ப நல்லது. துர்கா பூஜையில் சஷ்டியன்று சார்ஜ் போட்டால் பூஜை முடிந்து தேவியைக் கரைக்கக் கொண்டுபோகும் வரைக்கும் வரும். பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படத்தைக் குறை சொல்லவே முடியாது. டாக்குரியா ஏரிக்கரையில் ஒருநாள் காலையில் நான் எடுத்த படத்தைப் பார்த்து என் கணவர், "இது நீ எடுத்ததா, காலண்டர்லேருந்து கிழிச்சதா?" என்றார். அவர் அப்படியெல்லாம் புகழ்கிறவர் இல்லை. ஆனால் அதே ஏரியில் பறவை எடுக்கலாம் என்று போனால் முடியாது. இந்த லென்ஸுக்கு எட்டாது. கொக்கு அரிசியில் கிடக்கும் கல் மாதிரி தெரியும்.

எனக்குப் பிடித்த இன்னொரு குணம் எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டால் முகத்தில் பாதி மறைந்துவிடும். ஃபோனில் எடுத்தால் முகம் முழுக்க வெளியே தெரியும். இதை வைத்துக்கொண்டு நிற்கும்போது யாரும் என்னிடம் பேச வருவதில்லை, நானும் பேச வேண்டியதில்லை.

குறைகள் உண்டு. என் கையே சின்னக் கைதான், அப்படியும் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லாமல் கீழே தொங்கும். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடி ஏறி இறங்கி 'டடக்' என்று சத்தம் போடும். அமைதியான இடத்தில் அந்தச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினால் எனக்கு வியர்த்துவிடும். வெளிச்சம் குறைந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடவும். தடவித் தடவி, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோவில் வைத்திருந்தால் இருட்டைக் கண்டவுடன் ஃபிளாஷ் தானாக மேலே எழும்பி நிற்கும். அந்த ஃபிளாஷ் நாலு எட்டுக்கு அப்பால் போகாது. பக்கத்தில் இருப்பது வெளுத்துப் போகும், தூரத்தில் இருப்பது இருட்டாகவே இருக்கும். பின்பக்கத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். சின்னத் திரையில் கலங்கலும் கூர்மையாகத் தெரியும். அதை நம்பக் கூடாது.

கடைசியாக ஒன்று. கண்ணை வைத்துப் பார்க்கிறோமே, அந்த வ்யூஃபைண்டர் ஓட்டைக்குள் தெரிவது முழுப் படம் இல்லை. விலை குறைந்த கேமராக்களில் சுற்றிலும் கொஞ்சம் ஓரம் தெரியாது. நாம் பார்க்காத அந்த ஓரமும் படத்தில் விழுந்துவிடும். மகள் இதை ஃபோனில் சொல்லியிருந்தாள். "அதனால ஒண்ணும் மோசமில்லைம்மா, அப்புறம் வெட்டிக்கலாம்" என்றாள். நானும் மோசமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் பெஹாலாவில் குடியிருக்கிறோம். அடுத்த வீடு ஒரு பெங்காலிக் குடும்பத்தின் சொந்த வீடு. அந்த வீட்டம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் வாய் திறக்காவிட்டாலும் அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அதனாலேயே எங்கள் சிநேகம் இத்தனை வருஷம் நிலைத்தது. இந்த வருஷம் குளிர் முடியும் சமயத்தில் அவருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஒரு வாரம் முன்னால் மொட்டை மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். அவர் பேசியது பெங்காலி. நான் தமிழாக எழுதுகிறேன்.

"இதைக் கேளு, இங்க வா. உன்கிட்ட அந்தக் கறுப்புக் கேமரா இருக்குல்ல?"

"இருக்கு பௌதி. ஆனா எனக்கு அவ்வளவா..."

"அவ்வளவா வேண்டாம். கொஞ்சமா தெரிஞ்சா போதும். கூலிக்கு வர்ற பசங்க ஆல்பம் குடுக்கறதுக்குள்ள என் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துடும். எனக்கு அன்னிக்கே பாக்கணும். நீ ஒவ்வொண்ணும் முடிஞ்ச கையோட மாடிக்கு எடுத்துட்டு வந்து காட்டு."

"நீங்க கீழ இருக்க மாட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அவர்கள் குடும்பத்தில் பெற்ற தாய் பிள்ளையின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது. மந்திரம் தொடங்கியதிலிருந்து குங்குமம் வைத்து முடியும் வரை அம்மா மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, அன்பளிப்பைக் கையில் கொடுத்துவிட்டு, சடங்கு தொடங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் நான்.

"எங்க பக்கம் அம்மா இல்லாம கல்யாணமே நடக்காது பௌதி. அப்பா தாரை வார்க்கும்போது அம்மாதான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தணும்" என்றேன்.

"கொடுத்து வெச்சவங்க. எங்களுக்கு மறுநாள்தான் வேலை." சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கை அரிசியைப் பின்பக்கமாக எறிவாள். அம்மா பின்னால் நின்று முந்தானையில் ஏந்திக்கொள்வாள். பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. "எங்க அம்மா பாதியைக் கீழ சிந்திட்டா. என் நாத்தனார் இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. நான் ஒரு மணி கீழ விடமாட்டேன் பாரு. வீட்டுல தினமும் பழகிட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் எறியறார், நான் பிடிக்கறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கல்யாணம் அவர்கள் வீட்டு முன்வாசலிலேயே, பந்தல் போட்டு, அந்தி நேர முகூர்த்தத்தில். பௌதியின் நாத்தனார் அலிப்பூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். மணப்பெண்ணுக்கு அத்தை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிஷிமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. என்னைக் கண்டதும், "என்ன மாத்ராஜி பௌ, நீயும் போட்டோக்காரி ஆயிட்டியா?" என்றார். மதராசி வீட்டுப் பெண் என்று அர்த்தம். நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கியதை எடுத்தேன். மாடிக்கு ஓடிப் போய்க் காட்டினேன். பௌதி கேமராவை என் கழுத்திலிருந்து கழற்றவிடாமல், என்னையும் சேர்த்து இழுத்து, திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் இளைச்சிருக்கான். பரவாயில்ல. போ, போ, அடுத்தது எடு. பொண்ணு மூஞ்சிலேருந்து வெத்தலைய விலக்கறது ரொம்ப முக்கியம், அதை விட்டுடாதே" என்று தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவே இல்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பந்தலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். படிக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை பேர் முழங்காலையும் தாண்டிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை இரண்டு அடி எடுத்து வைத்தேன். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் போகலாம், எல்லாம் சேர்த்துக் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு சங்குச் சத்தத்தையும் குலவைச் சத்தத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்தும்தான்.

பெண்ணை மணையில் உட்காரவைத்து அண்ணன் முறைப் பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெற்றிலையால் முகத்தை மூடியிருந்தாள். மாப்பிள்ளையைச் சுற்றி வந்தபின் வெற்றிலையை விலக்குவாள், அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முதலில் பார்ப்பார்கள். கூலிக்கு வந்த பையன்கள் பெரிய லென்ஸோடு எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். அவர்களைத் தள்ள எனக்குத் தைரியமில்லை. பந்தலின் ஓரத்துக்கு வந்தேன். அங்கே மூலையில் நட்டிருந்த வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி கிடைத்தது. அதன் வழியாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிந்தார்கள். வெற்றிலை விலகியது. சங்கு ஊதினார்கள். லென்ஸ் தடவியது. ஃபிளாஷ் தானாக எழும்பி அடித்தது. டடக்.

உடனே பின்பக்கத் திரையில் பார்த்தேன். பெண் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தான். ஓரத்தில், மாடிப்படிக் கிரில்லுக்குப் பின்னால், சிவப்புக் கரைச் சேலையும் ஒரு முகமும் இருந்தன. அது யார் என்றும் எனக்குத் தெரிந்தது. இதைத்தான் நான் எத்தனை முறை யோசித்துப் பார்த்தும் யாருக்கும் விளக்க முடியவில்லை. நான் பார்த்தேன், எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. கல்யாணப் படம் என்றால் பெண்ணுக்குப் பக்கத்தில் எங்கேயாவது அம்மா நிற்பாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கல்யாணப் படம் எல்லாவற்றிலும் நின்றிருக்கிறாள். என் கண் அதற்குப் பழகிய கண். பௌதி சொன்னது காதில் இருந்தது, கண்ணுக்கு வந்து சேரவில்லை. எல்லோரும் இருக்கிறார்கள், நல்ல படம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுக்கப் போனேன்.

குங்குமம் வைத்து முடிந்ததும் பௌதி கீழே வந்துவிட்டார். என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. "எல்லாம் எடுத்தியா? வா, வா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ளறையில் உட்காரவைத்து உறவுக்காரப் பெண்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெரிய டிவி இருந்தது. "காக்கிமா, இப்படிக் குடுங்க, எல்லாரும் பாக்கலாம்" என்று ஒருத்தி என்னைச் சித்தி முறையில் கூப்பிட்டு, கேமராவை வாங்கி ஒயரைச் சொருகினாள். முதலில் பௌதியிடம் தனியாகக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாயில் வரவில்லை.

பெரிய திரையில் வந்தபோதுதான் என் படங்களின் லட்சணம் தெரிந்தது. கையகலத் திரையில் பளிச்சென்று இருந்ததெல்லாம் பனி மூடினாற்போல் கலங்கிக் கிடந்தது.

"இது யாரோட முதுகு?"

"இது கேமராக்காரனோட முதுகு. அடுத்ததும் அவன் முதுகுதான்."

"இதோ, புரோகிதரோட காது! காது மட்டும் என்ன தெளிவு பாருங்க!"

சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். நானும் சிரித்துவைத்தேன். இதோடு போயிருந்தால் நான் இன்று அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அடுத்து அந்தப் படம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இருட்டில் இரண்டு நிழல்கள். லென்ஸ் அவர்களை விட்டுவிட்டு வாழைக்கன்றைப் பிடித்திருந்தது. மாடிப்படிக் கிரில்லும் கன்றும் எனக்கு ஒரே தூரத்தில் இருந்திருக்கின்றன. ஃபிளாஷ் வெளிச்சமும் அந்தத் தூரத்தோடு நின்றுவிட்டது. அதனால் படத்தின் ஓரத்தில், நான் கண்ணை வைத்துப் பார்த்தபோது இல்லாத ஓரத்தில், பௌதியின் முகம் ஒன்றுதான் தெளிவாக இருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிமை முடிகூடத் தெரிந்தது.

எல்லோரும் பிஷிமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "நான் அப்பவே பாத்துட்டேன். வெத்தலைய எடுத்ததும் எனக்கு முதல்ல தெரிஞ்சது இவ அம்மாதான்" என்றான். பெண்கள் சிரித்தார்கள்.

பிஷிமா சிரிக்கவில்லை. "நல்லாயிருக்கு. மாப்பிள்ளை முதல் பார்வை மாமியார் மேலயா! எங்க வம்சத்துல இது புதுசு" என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். "நாளைக்கு அரிசி ஏந்த சின்னவ நிக்கட்டும். பாக்கக் கூடாததைப் பாத்தவ கையால பொண்ணை அனுப்ப வேண்டாம்."

சின்னவள் என்றது பௌதியின் ஓர்ப்படியை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிஷிமா, விடேன்" என்றாள் மணப்பெண்.

"நீ பேசாதே. உன் நல்லதுக்குத்தான்."

பௌதி சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. தட்டை டிவி மேசையில் வைத்தார், ஒன்று உருண்டதை எடுத்துத் திரும்ப அடுக்கினார், சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் பிஷிமாவிடம் போனேன். என் வாழ்க்கையில் கூப்பிடாமல் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என் பெங்காலி கடையில் காய் வாங்கப் போதும், இதற்குப் போதவில்லை. பௌதி மேல் தப்பில்லை, மாடிக்குப் போய்க் காட்டுவதாகச் சொல்லிவிட்டு நான் போகாமல் இருந்துவிட்டேன், அதனால்தான் இறங்கி வந்திருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன். "தப்பு என்னோடது" என்பது வரைக்கும்தான் வந்தது.

"உன் தப்பு என்ன? நீ உள்ளதைத்தானே எடுத்தே" என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல கேமரா."

கேமராவைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சமையலறையில் பௌதி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கேமரா கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"உன்னை எதிர்பாத்துட்டே இருந்தேன்" என்றார், திரும்பாமல். "சங்கு ஊதினாங்க. நீ வரல. சரி, நாலு படி இறங்கலாம்னு வந்தேன். நாலு படிதான்."

"பௌதி..."

"அந்த ஒண்ணுல என் மூஞ்சி நல்லா விழுந்திருக்கா? தூரத்துலேருந்து சரியா தெரியல."

அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்லா விழுந்திருக்கு என்று சொன்னேன். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "விலை குறைஞ்ச கேமரா, அது அப்படித்தான் இருக்கும். நீ என்ன பண்ணுவ?" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டால் எனக்கு சௌகரியம். கேமராவின் ஓரம் தெரியாதது கேமராவின் குறை. ஆனால் பின்பக்கத் திரையில் ஓரமும் சேர்ந்துதான் தெரிந்தது. நான் பார்த்தேன். அந்த நாற்காலி வரிசையைத் தாண்டாமல் நின்றதும் கேமரா இல்லை.

மலருக்கு வேண்டியது கேமராவைப் பற்றிய அபிப்பிராயம். சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த மாதிரிக் கேமராவைத் தாராளமாக வாங்கலாம். பகலில் ஏமாற்றாது. சாயந்திரத்தில் ஆட்டோவில் வைக்காதீர்கள், ஃபிளாஷை மடக்கிவிட்டு நடுப்புள்ளியை மட்டும் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். சின்னத் திரையை நம்பி யாரிடமும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். அடுத்தவர் வீட்டில் எடுத்த படத்தை, எடுக்கச் சொன்னவரிடம் முதலில் காட்டுங்கள்.

மறுநாள் காலை பெண் கிளம்பினாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், அரிசியைப் பின்பக்கமாக எறிந்தாள். சின்ன ஓர்ப்படி முந்தானையில் ஏந்திக்கொண்டார், கொஞ்சம் கீழே சிந்தியது. பௌதி மாடியில் இருந்தார். நான் கேமராவை எடுத்துக்கொண்டு போகவில்லை.